எரிப்பதற்கும் ஒரு பட்ஜெட் வேண்டும்

பாலிடெக்னிக்கோ, பொறியியல் கல்லூரியோ, எலெக்ட்ரானிக்ஸ் லேப் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு இரும்பு பீரோ இருக்கும். பீரோவுக்குள் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள் இருக்கும். பாதி போர்டுகள் வாங்கி வந்த அட்டைப்பெட்டியை விட்டே வெளியே வந்திருக்காது. சாவி லேப் அசிஸ்டென்டிடம். ஒரு மாணவர் போய்க் கேட்டால், "எச்.ஓ.டி. கிட்ட லெட்டர் வாங்கிட்டு வா தம்பி" என்பார். எச்.ஓ.டி.யிடம் போனால், "எதுக்குப்பா? சிலபஸ்ல இருக்குற எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் முடிஞ்சிடுச்சே" என்பார். அவ்வளவு தான். அந்த மாணவர் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்.

அதே மாணவர் இன்டர்வியூவில் "மைக்ரோகண்ட்ரோலர் ப்ரோக்ராம் பண்ணியிருக்கீங்களா?" என்ற கேள்விக்கு முழிப்பார். அப்புறம் என்ன, மாணவர்களுக்குத் திறமை போதவில்லை என்று மேடைக்கு மேடை புலம்பல்.

ஏன் கற்கவில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. "எலெக்ட்ரானிக்ஸ் காஸ்ட்லி சமாச்சாரம். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத் தான் சரிப்படும்." கேட்க இரக்கமாக இருக்கும். ஆனால் இது பொய். சிப்பு மலிந்து பல வருடம் ஆகிறது. இன்னும் மலியாமல் இருப்பது பயம் மட்டும் தான். அந்தப் பயத்தை உற்பத்தி செய்வது ஒரு கணக்குப் புத்தகம். ஆகவே இது எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. பற்று, வரவு தெரிந்த எவரும் கேள்வி கேட்க உரிமை உள்ள விஷயம்.

சிப்பு எப்போதோ மலிந்து விட்டது

ஒரு காலத்தில் இது பணக்கார விளையாட்டாக இருந்தது உண்மை. இன்டெல் 8051 வந்தது 1980-ல். அந்தக் காலத்து சிப்பில் எழுதிய ப்ரோக்ராமை அழிக்க வேண்டும் என்றால், அதன் தலையில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாகப் புற ஊதா விளக்கைக் கால் மணி நேரம் போலக் காட்ட வேண்டும். ஜன்னல் வைத்த சிப்பு விலை அதிகம். ஜன்னல் இல்லாத மலிவு சிப்பில் ஒரே ஒரு தடவை தான் எழுத முடியும். ஒரு வரி தப்பினால் ஒரு சிப்பு காலி!

1993-ல் நிலைமை மாறியது. மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக்16சி84 சிப்பிலும், ஆட்மெல் நிறுவனம் கொண்டு வந்த ஃப்ளாஷ் மெமரி 8051-லும் மின்சாரத்தாலேயே அழித்து, மின்சாரத்தாலேயே திரும்ப எழுத முடிந்தது. விளக்கும் வேண்டாம், ஜன்னலும் வேண்டாம்.

அடுத்த தடை போர்டின் விலை. இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் இருந்த டிசைன் கல்லூரியில் மாணவர்கள் பேசிக் ஸ்டாம்ப் என்ற போர்டை வைத்துப் பழகினார்கள். உதிரி பாகங்களையும் சேர்த்தால் நூறு டாலர் வரை ஆகும். அங்கே படித்த கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பர்ரகான், தன் முதுநிலைப் பட்ட ஆய்வாக 'வயரிங்' என்ற எளிமையான அமைப்பை உருவாக்கினார். அதன் மேல் கட்டி, அங்கே பாடம் நடத்திய மாஸிமோ பான்ஸியும் கூட்டாளிகளும் 2005-ல் கொண்டு வந்தது தான் ஆர்டுயினோ. (பர்ரகானுக்குச் சேர வேண்டிய பேர் சேர்ந்ததா என்பது தனிச் சண்டை.) வரைபடம், சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் திறந்து விட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதே போர்டைச் செய்து விற்கலாம் என்று ஆகி விட்டது.

விளைவு? ஒரிஜினல் ஊனோ போர்டு இரண்டாயிரம் ரூபாயைத் தொடும். அதே வேலையைச் செய்யும் நானோ குளோன் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைன் கடைகளிலும் சுமார் 250 ரூபாய். கடைக்குக் கடை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். 2021 ஜனவரியில் ராஸ்பெர்ரி பை பிக்கோ வந்த போது அதன் விலை 4 டாலர். நிலவுக்குப் போன அப்போலோ கம்ப்யூட்டரில் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் சுமார் 4 கிலோபைட். பிக்கோவில் 264 கிலோபைட்.

சாஃப்ட்வேரும் இலவசம் தான். ஆர்டுயினோ ஐ.டி.இ. இலவசம். 8051-க்கு எஸ்.டி.சி.சி. என்ற கம்பைலர் இலவசம். பழைய லேப்டாப்பே போதும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் கொடுத்த மடிக்கணினி வீட்டில் எங்காவது தூசி படிந்து கிடந்தால் அதை எடுத்துத் துடைத்தாலே ஆயிற்று. லேப்டாப் இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் ஓ.டி.ஜி. கேபிளைச் செருகி ஆர்டுயினோவுக்குள் ப்ரோக்ராம் ஏற்றும் ஆப் கூட இருக்கிறது.

பிறகு ஏன் அந்த மாணவர் கற்கவில்லை?

கற்பவர் கையில் சிப்பு எரியும்

எந்த விளம்பரத்திலும் வராத ஒரு உண்மை: மைக்ரோகண்ட்ரோலர் கற்கிற ஆள் சிப்பை எரிப்பார். எரிக்காமல் கற்றவர் யாரும் இல்லை.

ஊனோ, நானோ போர்டுகளில் உள்ள ஏ.டி.மெகா328பி சிப்பின் ஒரு காலால் தாங்க முடிந்த உச்சபட்ச மின்னோட்டம் 40 மில்லியாம்பியர். ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யை 220 ஓம் ரெசிஸ்டரோடு மாட்டினால் சுமார் 14 மில்லியாம்பியர் தான் ஓடும், பிரச்சினை இல்லை. ரெசிஸ்டர் போட மறந்தால் எல்.ஈ.டி. போகும், இல்லை சிப்பின் கால் போகும், இல்லை இரண்டும் போகும். பொம்மைக் காரில் இருந்து கழற்றிய மோட்டாரை நேராகக் காலில் மாட்டினால் அது நூற்றுக்கணக்கில் மில்லியாம்பியர் கேட்கும். போதாக்குறைக்கு, நிறுத்தும் போது பின்னோக்கி ஒரு உதை விடும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும், மோட்டாருக்குக் குறுக்கே ஒன்றிரண்டு ரூபாய் டையோடும் போட வேண்டும் என்பது அந்த நாற்றம் மூக்கில் ஏறிய பிறகு தான் பலருக்கு உறைக்கும். பிக்கோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு ஆனவை. அதில் 5 வோல்ட் கொடுத்தால் போச்சு. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது எல்லோரும் ஒரு தடவையாவது செய்வது.

புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறதே, படித்துக் கொண்டால் போதாதா? போதாது. முதல் தோசை கல்லில் ஒட்டிக் கொள்ளும் என்று தெரிந்து தான் எல்லா வீட்டிலும் மாவு அரைக்கிறார்கள். முதல் தோசை பிய்ந்து போனதற்கு எந்த அம்மாவும் விளக்கக் கடிதம் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. செத்தது போலத் தெரியும் சிப்பு எல்லாம் செத்தது இல்லை. ஏ.வி.ஆர். வகை சிப்புகளில் ஃப்யூஸ் பிட் என்று சில அமைப்புகள் உண்டு. கிரிஸ்டல் மாட்டாமலேயே "வெளியில் இருந்து கடிகாரத் துடிப்பு வரும்" என்று தப்பாக அமைத்து விட்டால் சிப்பு பேச்சு மூச்சு இல்லாமல் கிடக்கும். இன்னொரு போர்டில் இருந்து அந்தத் துடிப்பைக் கொடுத்தால் எழுந்து உட்காரும். இதை ஒரு தடவை தன் கையால் செய்தவருக்குக் கடிகாரத் துடிப்பு என்றால் என்ன என்று ஜென்மத்துக்கும் மறக்காது. ஆனால் சிப்பைச் சாகடித்தால் ஃபைன் என்று பயந்து கொண்டிருப்பவர் ஃப்யூஸ் பிட் பக்கமே போக மாட்டார்.

ஆர்டுயினோவைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஊனோ போர்டின் வழக்கமான வடிவத்தில் சிப்பு பற்றவைக்கப்பட்டு இருக்காது, சாக்கெட்டில் செருகி இருக்கும். எரிந்தால் பிடுங்கிப் போட்டு விட்டு சிப்பை மட்டும் மாற்றிக் கொள்ளலாம். எரியும் என்று எதிர்பார்த்துச் செய்த போர்டை, எரியக் கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

வில்லன் யார்?

லேப் அசிஸ்டென்ட் வில்லன் இல்லை. அவரைத் திட்டுவது சுலபம், ஆனால் அநியாயம். வருடா வருடம் ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரும். ரெஜிஸ்டரில் இருபது என்று இருந்தால் பீரோவில் இருபது இருக்க வேண்டும். பதினேழு இருந்தால் மீதி மூன்றுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் அவர் கைக்காசு போகும். அவர் இடத்தில் யார் இருந்தாலும் பூட்டைத் தான் தேடுவார்கள்.

வில்லன் அந்த ரெஜிஸ்டர். கல்லூரிகளில் இரண்டு வகை இருப்புப் புத்தகம் உண்டு. மேஜை, நாற்காலி, ஆசிலோஸ்கோப் எல்லாம் டெட் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறும். சாக்பீஸ், சால்டர் கம்பி, கெமிஸ்ட்ரி லேபின் ஆசிட் எல்லாம் நுகர்பொருள் ரெஜிஸ்டரில் ஏறும். முதல் புத்தகத்தில் ஏறியது குறையக் கூடாது. இரண்டாவதில் ஏறியது குறையத் தான் வேண்டும். ஆசிட் பாட்டில் வருடக் கடைசியிலும் நிறைந்து இருந்தால் லேப் நடக்கவில்லை என்று அர்த்தம்.

250 ரூபாய் போர்டு எந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும்? பார்ப்பதற்கு மெஷின் மாதிரி இருப்பதால் முதல் புத்தகத்தில் ஏற்றி விடுகிறார்கள். தப்பு அங்கே தான் தொடங்குகிறது.

பி.காம். முதல் வருடத்திலேயே முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று வித்தியாசம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கூடவே மெட்டீரியாலிட்டி என்று ஒன்று வரும். ஸ்டேப்ளர் ஐந்து வருடம் உழைக்கும் தான், ஆனாலும் யாரும் அதைச் சொத்துக் கணக்கில் ஏற்றி வருடா வருடம் தேய்மானம் போட்டுக் கொண்டிருப்பதில்லை. வாங்கிய வருடமே செலவு எழுதி விட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். சிறு தொகையைக் காவல் காக்கப் பெருந்தொகை செலவழிப்பது புத்தி இல்லை என்பது தான் அதன் சாரம். ஸ்டேப்ளருக்குக் கிடைத்த மரியாதை மைக்ரோகண்ட்ரோலருக்குக் கிடைக்கக் கூடாதா?

தேய்மானத்தையும் பார்த்து விடலாம். ஏ.டி.மெகா328பி-யின் ஃப்ளாஷ் மெமரியில் பத்தாயிரம் தடவை அழித்து எழுதலாம் என்பது தயாரிப்பாளர் கொடுக்கும் கணக்கு. ஒரு மாணவர் தினமும் இருபது தடவை ப்ரோக்ராம் ஏற்றினாலும் ஐந்நூறு நாள் ஆகும். வாரத்துக்கு ஒரே ஒரு லேப் வகுப்பு என்றால் ஐந்நூறு வாரம், அதாவது ஒன்பது வருடத்துக்கும் மேல். உபயோகித்துத் தேய்ப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. பீரோவுக்குள் இருக்கும் போர்டு மட்டும் ஒரு தடவை கூட எழுதப்படாமல் பழசாகிக் கொண்டிருக்கிறது. ரெஜிஸ்டரில் அதன் மதிப்பு குறையாது. உண்மையில் அதன் மதிப்பு பூஜ்யம். இந்த நஷ்டத்தை எந்த ஆடிட்டும் பிடிப்பதில்லை.

பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள்

கல்லூரி பூட்டினால் கடை திறக்கும். முதல் கடை கிட்டு வியாபாரம். முப்பது நாற்பது சென்சார், அழகான பிளாஸ்டிக் பெட்டி, மூவாயிரமோ நாலாயிரமோ விலை. பெரும்பாலான சென்சார்கள் பெட்டியிலேயே தூங்கும். ஆனால் அது பெரிய குறை இல்லை. பெரிய குறை, இவ்வளவு காசு போட்ட கிட்டில் இருப்பது ஒரே ஒரு போர்டு. வீட்டில் நகையை வைத்தோ, அண்ணனிடம் கடன் சொல்லியோ வாங்கியவர் அதைச் சாமி படம் போல வைத்துக் கொண்டிருப்பார். கையேட்டில் உள்ள பன்னிரண்டு பாடத்தை அச்சுப் பிசகாமல் செய்வார். பதின்மூன்றாவதாகச் சொந்தமாக ஒன்று செய்யக் கை வராது. எரிந்து விட்டால்?

இரண்டாவது கடை ப்ராஜெக்ட் சென்டர். கடைசி வருடத்தில் சில ஆயிரம் கொடுத்தால் செய்து முடித்த ப்ராஜெக்டும், பைண்ட் பண்ணிய ரிப்போர்ட்டும், வைவாவுக்குக் கேள்வி பதிலும் சேர்ந்தே கிடைக்கும். 250 ரூபாய் போர்டு எரிந்து விடுமோ என்று மூன்று வருடம் தொடாமல் இருந்த வீட்டில் இருந்து தான் இந்தச் சில ஆயிரமும் போகிறது. ஏழை வீட்டுப் பிள்ளையிடம் காசு இல்லை என்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காசு போகிறது. கற்பதற்குப் போகவில்லை.

ஆயிரம் ரூபாய்க் கணக்கு

கையில் ஆயிரம் ரூபாய் தான் இருக்கிறது என்றால் எப்படிச் செலவழிப்பது? விலை எல்லாம் தோராயம்.

நானோ குளோன் போர்டு இரண்டு: 500
பிரெட்போர்டு ஒன்று: 80
ஜம்பர் வயர்: 70
ரெசிஸ்டர், எல்.ஈ.டி., பட்டன், டிரான்சிஸ்டர், டையோடு: 100
சாதாரண மல்டிமீட்டர்: 200
மொத்தம்: 950

மீதி ஐம்பது ரூபாய் ரிச்சி தெருவுக்குப் போய் வர பஸ்ஸுக்கு :-)

கவனிக்க வேண்டியது முதல் வரி. போர்டு இரண்டு. சென்சாரைக் குறைத்தாலும் பரவாயில்லை, போர்டு இரண்டு வேண்டும். வியாபாரி கடனுக்குச் சரக்கு கொடுக்கும் போதே கொஞ்சம் திரும்பி வராது என்று வாரா ஐயக்கடன் ஒதுக்கு வைக்கிறார். அப்படி வைப்பதால் அவருக்குக் கடன் கொடுக்கத் தைரியம் வருகிறது, வியாபாரம் வளர்கிறது. இரண்டாவது போர்டு தான் கற்பவரின் ஒதுக்கு. அது டிராயரில் இருந்தால் தான் முதல் போர்டைத் தைரியமாகத் தொட முடியும். ஒரு போர்டால் இன்னொரு சிப்பை ப்ரோக்ராம் செய்யலாம் என்பது உபரி லாபம்.

மல்டிமீட்டரை விட்டு விட்டு இன்னும் நாலு சென்சார் வாங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். எது எரிந்தது, ஏன் எரிந்தது என்று சொல்வது அது தான். மின்சாரத்துக்குப் பழைய போன் சார்ஜர் போதும், 5 வோல்ட் தரும். கெட்டுப் போன பிரிண்டரில் ஸ்டெப்பர் மோட்டார் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 5 வோல்ட்டில் எரிவது சிப்பு. 230 வோல்ட்டில் எரிவது ஆள். வீட்டு மின்சாரத்தை ரிலே வைத்து ஆன், ஆஃப் செய்வதெல்லாம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடக் கூடாது. எரித்துக் கற்கலாம் என்ற உரிமை சார்ஜரோடு முடிந்து விடுகிறது.

ஆட்சேபணைகள்

"சிமுலேட்டர் இருக்கிறதே, டிங்கர்கேட், வோக்வி எல்லாம் பிரவுசரிலேயே ஓடுமே, எதற்கு எரிக்க வேண்டும்?" நல்ல கேள்வி. இவற்றில் தொடங்குவது புத்திசாலித்தனம். ரெசிஸ்டர் இல்லாமல் எல்.ஈ.டி. மாட்டினால் டிங்கர்கேட்டில் அது வெடிப்பது போலப் படம் கூட வரும். ப்ரோக்ராம் எழுதிப் பழக இதற்கு மேல் மலிவான வழி இல்லை. ஆனால் பிரெட்போர்டில் லூசாகப் போன வயரைத் தேடி இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக் கொள்வதும், மோட்டார் சுற்றத் தொடங்கும் போதெல்லாம் வோல்ட்டேஜ் இறங்கி போர்டு ரீசெட் ஆவதும் அங்கே நடக்காது. வேலைக்குப் போகும் இடத்தில் நடப்பது இவை தான்.

"பொறுப்பு இல்லாமல் உடைத்துத் தள்ளுவார்களே?" சிலர் செய்வார்கள். அதற்கு வழி பூட்டு இல்லை, நோட்டு. எரிந்தவை நோட்டு என்று ஒன்று லேபில் தொங்கட்டும். எந்தத் தேதியில், எந்தக் காலில் என்ன மாட்டியதால், என்ன எரிந்தது என்று எழுதி விட்டு மாணவர் அடுத்த போர்டை எடுத்துக் கொள்ளட்டும். அடுத்த வருட மாணவர்களுக்கு அதை விட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒரே காரணத்தை மூன்று தடவை எழுதுபவரை வேண்டுமானால் கூப்பிட்டுக் கண்டிக்கட்டும்.

"கல்லூரிக்கு அவ்வளவு வசதி எங்கே?" அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்கு ஒரு நானோ குளோன் கொடுத்தால் பதினைந்தாயிரம் ரூபாய். ஹெக்ஸ் கீபேட் வைத்த ட்ரெய்னர் கிட்டு ஒன்றே பல ஆயிரம். நாலு பேர் அதைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் ரெக்கார்டைப் பார்த்து வாசிப்பார், ஒருவர் தட்டுவார், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். எது வசதி, எது வீண் செலவு என்று யாரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பள்ளிகளுக்கு மத்திய அரசு 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் என்று ஒரு பள்ளிக்கு இருபது லட்சம் வரை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் இருபது லட்சத்துக்கு வாங்கியதும் எந்த ரெஜிஸ்டரில் ஏறுகிறது என்பது தான் அந்தப் பணத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 2016-ல் பிரிட்டனில் பி.பி.சி.யும் கூட்டாளிகளும் மைக்ரோபிட் என்ற போர்டை பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சுமார் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். போர்டு பள்ளிக்குச் சொந்தம் இல்லை, பிள்ளைக்குச் சொந்தம். அவ்வளவு தூரம் போவானேன்? தமிழக அரசின் மடிக்கணினியும் மாணவர் கைக்குத் தான் போனது, பள்ளி பீரோவுக்குப் போகவில்லை. பல ஆயிரம் ரூபாய் மடிக்கணினியை நம்பிக் கொடுக்க முடிந்த ஊரில் 250 ரூபாய் போர்டைக் கொடுக்க லெட்டர் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டியது ஒன்று தான்

புது லேப் வேண்டாம், புது சிலபஸ் வேண்டாம், ரிப்பன் வெட்ட மந்திரியும் வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே உள்ள எந்த போர்டையும் நுகர்பொருள் ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும் என்று முதல்வர் ஒரு பக்க சர்க்குலர் போட்டால் போதும். லேப் அசிஸ்டென்டின் பயம் அன்றோடு போய் விடும். பூட்டு தானாகத் திறந்து கொள்ளும்.

அடுத்த ஸ்டாக் வெரிஃபிகேஷனில் இருபதுக்கு இருபது போர்டும் பளபளவென்று இருக்கிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஆடிட்டர் சந்தோஷப்படக் கூடாது. "இந்த லேபில் இந்த வருடம் யாருமே எதுவும் கற்கவில்லையா?" என்று கேட்க வேண்டும்.